வீட்டில் செய்த மர ரேக்: ஆடினால், தொய்ந்தால், பிளந்தால் என்ன செய்வது

ரேக் ஆடுகிறது என்றதும் நம் கை முதலில் தேடுவது சுத்தியலையும் இன்னும் நாலு ஆணியையும்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆணி கூடக் கூட மரத்தில் ஓட்டைதான் கூடும், ஆட்டம் அப்படியே இருக்கும். கோளாறு எங்கே, எந்தத் திசையில், எப்போது தெரிகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பல நேரம் ஒரே ஒரு சட்டமும் ஏழெட்டு ஸ்க்ரூவும் போதும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது நம் வீடுகளில் சாமான் அடுக்கச் செய்கிற சாதாரண ரேக்: 5 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம். இரண்டுக்கு ஒன்றரை இன்ச் சட்டத்தில் நாலு கால், நாலு தட்டு. தட்டு ப்ளைவுட்டாகவும் இருக்கலாம், பலகையாகவும் இருக்கலாம். கருவி என்று கை ரம்பம், மூலைமட்டம், டேப், சுத்தியல், உளி, ஒரு சின்ன ட்ரில்லிங் மெஷின். அளவை இன்ச்சிலும் நூலிலும் சொல்கிறேன். எட்டு நூல் ஒரு இன்ச், அதாவது ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ.

எந்தக் கோளாறானாலும் ரேக்கை முழுதாகக் காலி செய்துவிட்டுப் பாருங்கள். பாரம் இருக்கும்போது அடங்கிக் கிடக்கிற ஆட்டம் காலியானதும் வெளியே வந்துவிடும்.

தள்ளினால் பக்கவாட்டில் சாய்கிறது, விட்டால் திரும்பி வருகிறது

அதிகம் வருகிற கோளாறு இதுதான், அதிகம் தவறாகச் சரி செய்யப்படுவதும் இதுதான். மேல்தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். கால்கள் தரையில் பதிந்தபடியே இருக்க, சட்டம் மட்டும் சாய்சதுரமாகப் போய்த் திரும்பினால் குறை ஸ்க்ரூவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

நாலு ஈர்க்குச்சியை எடுத்து, முனைகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்யுங்கள். மூலையைத் தொட்டாலே நசுங்கும். முடிச்சை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்கும். ஐந்தாவதாக ஒரு குச்சியை மூலைக்கு மூலை குறுக்கே வைத்துக் கட்டிப் பாருங்கள், அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. நம் ரேக்கில் இல்லாதது அந்த ஐந்தாவது குச்சிதான். தட்டு எத்தனை வைத்தாலும் அவை கிடைமட்டச் சட்டங்கள் மட்டுமே, ஒவ்வொரு மூட்டும் ஒரு கீல் மாதிரி மடங்கத்தான் பார்க்கும்.

குறுக்குச் சட்டம் அடிப்பதற்கு முன்னால் ரேக்கைச் சதுரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோணலாக இருக்கும்போது அடித்துவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். டேப்பை எடுத்து மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு அளந்து பாருங்கள். அடுத்து மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு. 60 இன்ச் உயரம், 36 இன்ச் அகலம் என்றால் இரண்டுமே 70 இன்ச் வர வேண்டும். 70 வருகிறதா என்பதைவிட இரண்டும் ஒன்றாக வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு நூல் வித்தியாசத்தை விட்டுவிடலாம். மூன்று நூல் இருந்தால் விடாதீர்கள்.

வித்தியாசம் இருந்தால் ஸ்க்ரூக்களை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். நீளமாக இருக்கிற மூலைகள் இரண்டையும் சேர்த்து ஒரு கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க அந்த மூலைகள் ஒன்றையொன்று நெருங்கும். இரண்டு அளவும் ஒன்றானதும் முறுக்கை அப்படியே பிடிக்கவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். கயிறு அவிழ்வதற்குள் பின்பக்கத்தில் குறுக்கு போட்டாக வேண்டும்.

குறுக்குக்கு இரண்டு வழி. முதுகு முழுவதற்கும் 6 மி.மீ. ப்ளைவுட்டை வைத்து, ஓரத்தில் 6 இன்ச்சுக்கு ஒரு ஸ்க்ரூ போடலாம். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரு தாள் ப்ளைவுட் எல்லாத் திசை முக்கோணத்தின் வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. ஆனால் ரேக் நிற்பது மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி என்றால் காற்று போக வழி வேண்டும். அங்கே ஒன்றரை இன்ச் அகலமுள்ள ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச் சட்டத்தை, மூலைக்கு மூலை சாய்வாக வைத்து, இடையில் தொடுகிற ஒவ்வொரு தட்டோடும் ஒரு ஸ்க்ரூ போடுங்கள். மரச் சட்டம் இழுவையையும் அழுத்தத்தையும் தாங்கும், அதனால் ஒன்றே போதும். கம்பியோ தகரப் பட்டையோ இழுவையை மட்டும்தான் தாங்கும், அது என்றால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு வேண்டும்.

முன்னும் பின்னும் ஆடினால் குறை ஓரடிப் பக்கங்களில். அங்கே 6 இன்ச் அளவில் முக்கோணமாக வெட்டிய ப்ளைவுட் துண்டுகளை மேலும் கீழும் வைத்தால் நின்றுவிடும். கடையில் விற்கிற ஒரு இன்ச் எல் பட்டையை இதற்கு நம்பாதீர்கள். அது மூட்டு பிரியாமல் பிடிக்கும், ஆட்டத்தைப் பிடிக்காது. தகடு மெல்லியது, வளைந்து கொடுத்துவிடும்.

தட்டினால் டக் டக் என்கிறது, ஒரு கால் தரையைத் தொடவில்லை

இங்கே நடக்கிற தவறு, உடனே ரம்பத்தை எடுத்து நீளமாகத் தெரிகிற காலைக் கொஞ்சம் அறுப்பது. அப்புறம் மற்றொன்று நீளமாகத் தெரியும். அதையும் அறுத்து, கடைசியில் ரேக் ஒரு இன்ச் குட்டையாகி, ஆட்டத்தோடு நிற்கும்.

குறை ரேக்கிலா தரையிலா என்று முதலில் தெரிய வேண்டும். அதே இடத்தில் ரேக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தால் தெரியாது, எதிரெதிர் கால்கள் இடம் மாறுமே தவிர ஆட்டம் அப்படியே இருக்கும். வீட்டில் வேறு இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் அதே கால் தூக்கினால் ரேக்கில் முறுக்கு இருக்கிறது. இடத்துக்கு இடம் மாறினால் தரை. சமையலறையிலும் பின்கட்டிலும் தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார், அது அவர் தவறில்லை.

தரைதான் காரணம் என்றால், ரேக்கை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, கால்களுக்கடியில் மரச்சீவலைச் செருகி, மேல்தட்டில் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை சரி செய்யுங்கள். எந்தக் காலின் கீழ் இடைவெளி அதிகம் என்று பார்த்து, அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, தரையோடு நகர்த்தி, நாலு காலிலும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் நாலு காலும் தரையின் வாட்டத்துக்கு ஏற்ப உட்காரும், தட்டு மட்டமாக இருக்கும். அறுக்க மனம் வரவில்லையா, குட்டையான காலுக்கு ரப்பர் புஷ் போட்டாலும் தவறில்லை.

ரேக்கில்தான் முறுக்கு என்றால், நேரான இரண்டு ரீப்பரை மேல்தட்டின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்து, குனிந்து ஒன்றின் மேல் விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாத மூலையில்தான் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அழுத்திப் பிடித்து, மறுபடி இறுக்க வேண்டும்.

தட்டு நடுவில் தொய்கிறது

தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். 3 அடித் தட்டில் ஒரு நூல் இறங்கினால் கண்ணுக்கே தெரியாது. மூன்று நூல் என்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

தொய்வின் கணக்கைப் புரிந்துகொண்டால் மரம் வாங்கும்போதே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நடுவில் ஒரே பாரத்தை வைத்தால், தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம் பாதியானதும் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். தடிமன் பக்கமும் அதே கணக்குதான்: 12 மி.மீ. ப்ளைவுட்டுக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் விலை ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் கூடும், விறைப்போ மூன்று மடங்குக்கு மேல். அதனால் மெல்லிய தட்டுகளாக ஐந்து வைப்பதைவிடத் தடித்த தட்டாக நாலு வைப்பது மேல்.

25 கிலோ அரிசி மூட்டை, 15 கிலோ எண்ணெய் டின், பக்கத்தில் பருப்பு டப்பாக்கள் என்று ஒரே தட்டில் 50 கிலோவைத் தாண்டுவது நம் வீடுகளில் சாதாரணம். 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 3 அடி இடைவெளி அந்தப் பாரத்தில் அதிகம். இரண்டரை அடிக்குள் இருந்தால் நல்லது.

ஏற்கெனவே தொய்ந்துவிட்டதா? தட்டைக் கழற்றிக் குப்புறப் போடுங்கள், முதுகு மேலே வரும். அப்படியே மாட்டினால் சில மாதம் தாங்கும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். முன் விளிம்புக்கு அடியில் ஒன்றரை இன்ச் உயரம், முக்கால் இன்ச் தடிமனுள்ள ரீப்பரை நிமிர்த்தி வைத்து, ஃபெவிகால் தடவி, 8 இன்ச்சுக்கு ஒரு ஸ்க்ரூ போடுங்கள். நிமிர்த்தி என்பதுதான் முக்கியம். ரீப்பரைப் படுக்க வைத்தால் அதுவும் தட்டோடு சேர்ந்து தொய்யும். பின் விளிம்புக்கும் ஒன்று போட்டுவிட்டால் அரிசி மூட்டையைக் கவலையில்லாமல் வைக்கலாம். அதற்கும் மேல் பாரம் என்றால் நடுவில் ஐந்தாவது, ஆறாவது கால் கொடுப்பது தவிர வேறு வழி இல்லை.

ப்ளைவுட்டை அறுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேல் ஏட்டில் தெரிகிற மர ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். அகலவாக்கில் ஓடும்படி வெட்டிய தட்டு அதே தடிமனிலும் சீக்கிரம் தொய்யும். துண்டு மிச்சப்படுத்துவதற்காகத் திருப்பி வெட்டி, பிறகு வருந்துகிறவர்கள் நிறைய.

மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு என்றால் சொல்வதற்கு அதிகம் இல்லை. அது பாரத்தில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மாற்றிவிடுங்கள்.

தட்டின் மூலை கீழே நழுவுகிறது, ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது

தட்டின் வெட்டுமுகத்துக்குள், அதாவது பலகையை அறுத்த முனைக்குள், ஸ்க்ரூ போட்டிருப்பீர்கள். மரநார் அந்தத் திசையில் ஒரு கட்டு வைக்கோல் மாதிரி. வைக்கோல் கட்டுக்குள் நுனியிலிருந்து குச்சியைச் செருகினால் எப்படிப் பிடிக்கும்? பக்கவாட்டிலிருந்து குத்தினால்தான் பிடிக்கும். பசையும் வெட்டுமுகத்தில் சரியாக ஒட்டாது, நார்க்குழல்கள் அதை உறிஞ்சிவிடும்.

சுற்றுகிற ஓட்டைக்குள் ஃபெவிகால் தோய்த்த மூங்கில் குச்சியோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளோ இறுகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, ஓரத்தை வெட்டிச் சமன் செய்து மறுபடி ஸ்க்ரூ போடலாம். இது ஓட்டைக்கு மருந்து, நோய்க்கு மருந்தில்லை. நோய்க்கு மருந்து தாங்கு கட்டை: ஒரு இன்ச் சட்டத்தை ஓரடி நீளத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் கால்களோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு, தட்டை அதன்மேல் உட்கார வையுங்கள். இனி பாரத்தைத் தாங்குவது கட்டை, ஸ்க்ரூவுக்குத் தட்டை நகராமல் பிடிக்கிற வேலை மட்டுமே.

ஸ்க்ரூவை இறுக்கியும் இரண்டு மரத்துக்கும் நடுவில் சந்து தெரிகிறது

ஸ்க்ரூவின் மரை இரண்டு மரத்திலும் பிடித்திருக்கிறது. மேல் மரம் விலகிய நிலையிலேயே மரையில் மாட்டிக்கொண்டதால் எவ்வளவு முறுக்கினாலும் நெருங்காது. ஸ்க்ரூவைக் கழற்றி, மேல் மரத்தின் ஓட்டையை மட்டும் ஸ்க்ரூ தாராளமாக நுழையும்படி பெரிதாக்குங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் மேல் மரத்தில் நாலரை மி.மீ., கீழ் மரத்தில் இரண்டரையிலிருந்து 3 மி.மீ. இரண்டே நிமிட வேலை. இது தெரியாமல் தலை மழுங்கும்வரை ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஆணியோ ஸ்க்ரூவோ போட்டதும் மரம் பிளக்கிறது

முன் ஓட்டை போடாதது, அல்லது முனைக்கு மிக அருகில் போட்டது. சட்டத்தின் முனையிலிருந்து ஒரு இன்ச்சாவது தள்ளிப் போடுங்கள். இரண்டு ஸ்க்ரூ வேண்டும் என்றால் ஒரே ரேகையில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். ட்ரில் இல்லாமல் ஆணிதான் என்றால், ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை ஆப்பு மாதிரி நாரைப் பிரிக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். வேங்கை மாதிரிக் கெட்டி மரத்தில் ஸ்க்ரூ முறுக்கும்போது மரையில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள்.

பிளந்துவிட்ட சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்க்ரூவை எடுத்து, வெடிப்புக்குள் பசையை ஊதி இறக்கி, துணியால் இறுகச் சுற்றிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு புது இடத்தில் ஓட்டை போடுங்கள்.

செய்தபோது நேராக இருந்த பலகை ஓடுபோல் வளைந்துவிட்டது

நான் செய்த முதல் ரேக்குக்கு ஐப்பசி மழையில் அறுவை மில்லில் வேப்பம் பலகை வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது. நன்றாக இழைத்து, நாலு தட்டும் கச்சிதமாகப் பொருத்தி, வார்னிஷும் அடித்தாகிவிட்டது. தை பிறப்பதற்குள் மேல்தட்டு கிண்ணம் மாதிரி குழிந்து, ஒரு முனையில் வெடித்தும் விட்டது. தெருவில் தச்சு வேலை செய்த பெரியவரைக் கூட்டிவந்து காட்டினேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பச்ச மரம் தம்பி இது. காயறப்ப அது போற பக்கம் போகத்தான் செய்யும், நீ ஆணி அடிச்சு நிறுத்த முடியாது" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இது. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். ஓரடி அகலமுள்ள பச்சைப் பலகை காய்வதற்குள் மூன்று நூல் வரை சுருங்குவது சாதாரணம். அதிலும் வருட வளையத்தின் போக்கில் அதிகமாகவும் வளையத்துக்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்குவதால் பலகை வளைகிறது. இரண்டு ஓரத்தையும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டியிருந்தால் வளைய இடமில்லாமல் வெடிக்கிறது.

காய்ந்திருக்கிறதா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. பலகையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் பச்சை. இரண்டு மூன்று வாரம் அதே எடையில் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

வளைந்த பலகையை ஓரளவுக்கு மீட்கலாம். குழிந்த பக்கம் கீழே வரும்படி ஈரத் துணியின் மேல் வைத்து, முதுகில் வெயில் படவிடுங்கள். குழிந்த பக்கம் ஈரம் வாங்கி விரியும், முதுகு காய்ந்து சுருங்கும். நேரானதும் எடுத்து, அடியில் குறுக்குக் கட்டை இரண்டு கொடுத்துப் பூட்டுங்கள். அந்தக் கட்டையில் ஸ்க்ரூ போகும் ஓட்டையை நடுவில் மட்டும் வட்டமாகவும், ஓரங்களில் பலகையின் அகலவாக்கில் நீட்டமாகவும் குடையுங்கள். பலகை சுருங்கி விரிய இடம் கிடைக்கும். வார்னிஷை மேலே மட்டும் அடித்து அடியை விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் ஈரம் போகும், மறுபக்கம் போகாது, மறுபடி வளையும்.

ரேக்குக்கு அடியில் பொடி உதிர்ந்து கிடக்கிறது

பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டைகள் தெரிந்தால் அது மர வண்டு. மா, ரப்பர் மாதிரி மாவுச்சத்துள்ள மரங்களின் வெளிர்ப்பகுதி அதற்குப் பிடித்த இடம். கசகசா மாதிரி சிறு மணிகளாக இருந்தால் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். கால் வழியாக மண்குழாய் ஏறியிருந்தால் தரையிலிருந்து வரும் கறையான், அதற்கு ரேக்கில் மருந்தடித்துப் பயனில்லை, தரைக்கும் சுவருக்கும் மருந்து வைக்க ஆள் கூப்பிட வேண்டும்.

வண்டு என்றால், பெயின்ட் அடிக்காத மரத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீரைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவிக் காயவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், மேலே வார்னிஷ் அடித்த பிறகே சாமான் வையுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது சில நாளைக்குத்தான், நாற்றம் மட்டும் அரிசியில் ஏறும்.

சரக்கு ஏற்றி அனுப்பும் மரப் பலகைச் சட்டமான பேலட்டைப் பிரித்து ரேக் செய்கிறவர்கள் கட்டையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் சின்னத்தோடு ‘எச்.டி.’ (HT) என்று இருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியது, தாராளமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது. அதைச் சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள்.

கால் நுனி கறுக்கிறது, ப்ளைவுட் ஓரம் உப்புகிறது

தண்ணீர்தான். தரை கழுவும்போது காலின் வெட்டுமுகம் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சுகிறது. கறுத்த பகுதியைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அடிமுகத்தில் மூன்று கோட் பெயின்ட் அடித்து ரப்பர் புஷ் மாட்டுங்கள். ஏடு பிரிந்த ப்ளைவுட்டைப் பசை வைத்துக் கிளாம்ப் போட்டு அழுத்திப் பார்க்கலாம், ஆனால் உப்பிய பகுதி பழைய தடிமனுக்கு வராது. தண்ணீர் படும் இடத்துக்கு வாங்கும்போதே தாளில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது மெரைன் ரகம். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது.

மேல்தட்டில் கை வைத்தால் முன்பக்கம் சாய்கிறது

இதற்கு மட்டும் அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஓரடி ஆழத்தில் 5 அடி உயரம் என்பது, ஒரு குழந்தை கீழ்த்தட்டில் ஏறி நின்றால் போதும், கவிழக்கூடிய அமைப்பு. மற்ற கோளாறுகளில் சாமான்தான் போகும்.

மேல்தட்டுக்கு அடியில் பின் சட்டத்தோடு இரண்டு எல் பட்டை வைத்து, சுவரில் 8 மி.மீ. ஓட்டை போட்டு ப்ளக் இறக்கி ஸ்க்ரூ போடுங்கள். இங்கே எல் பட்டை சரியான கருவி, ஏனென்றால் அது இழுவையை மட்டும் தாங்கினால் போதும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ட்ரில் வைக்காதீர்கள், ஒயர் அந்தக் கோட்டில்தான் போயிருக்கும். ஓட்டையிலிருந்து வெறும் மணலாகக் கொட்டினால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் இறங்கியிருக்கிறீர்கள், இரண்டு இன்ச் மேலே தள்ளிப் போடுங்கள். மாட்டியதும் ரேக் காலியாக இருக்கும்போதே மேல்தட்டைப் பிடித்து நன்றாக முன்னால் இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அரிசி மூட்டையிலிருந்து தொடங்கி, கீழ்த்தட்டிலிருந்து மேலே அடுக்குங்கள்.